யாருடைய சாயல்?

குடும்ப மறைக்கல்வி: விந்துக் கொடையும் இனமும் பண்பாடும்

சென்ற ஆண்டு இலண்டனில் வாழும் நம்மவர்க்குத் தவக்காலத் தியானம் கொடுக்கச் சென்றிருந்தேன். ஒரு மாலை தியானம் முடிந்து எல்லோரும் கலைந்து போயினர். கடைசி வாங்கில் இருந்த இளந் தம்பதியர் இருவர் மாத்திரம் எழும்பவில்லை. கிட்டப் போனேன். கணவன்தான் முதலில் வாய் திறந்தார்.

“பாவசங்கீர்த்தனத்துக்கு இல்லைச் சுவாமி. ஒரு கேள்வி கேட்க வேணும்.”

திருமணமாகி ஒன்பது ஆண்டுகள். பிள்ளைப்பேறு இல்லை. குறை கணவனிடத்தில் என்று வைத்தியர்கள் கண்டுவிட்டனர். வேறொருவருடைய விந்தைக் கொண்டு மனைவி கருத்தரிக்கலாம் என்று வைத்தியசாலையில் ஆலோசனை சொல்லி, விந்துக் கொடையாளரின் பட்டியல் ஒன்றையும் காட்டியிருக்கிறார்கள். பட்டியலில் டென்மார்க் நாட்டவர் பலர். இந்தியர் என்று குறிக்கப்பட்டவர் சிலர். தமிழர் ஒருவரும் இல்லை.

“வெள்ளைக்காரன்ரை எடுத்தால் பார்த்த உடனே சனம் கதைக்கும். வட இந்தியன் எண்டால் ஒரு மாதிரிச் சமாளிக்கலாம். இல்லாட்டில் பொறுத்திருந்து ஒரு தமிழனைத் தேடுறதோ? அதுதான் எங்களுக்குத் தெரியேல்லை.”

மனைவி நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: “எனக்கு நிறம் பெரிசில்லைச் சுவாமி. பிள்ளை எங்கடை பிள்ளையாய் வளருமோ எண்டதுதான் பயம்.”

ஊரில் இருக்கும் தாயாருக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்டேன். கணவன் தலை குனிந்தார். தெரியாதாம். தாயார் தொலைபேசியில் மருமகளையே குறை சொல்லிக்கொண்டிருக்கிறாராம். மகன் ஒன்பது ஆண்டுகளாக வாய் திறக்கவில்லையாம்.

அன்றிரவு அவர்களுக்குச் சொன்னதையும், சொல்ல நேரம் போதாமல் விட்டதையும் இங்கே விரித்து எழுதுகிறேன். எழுதுவதற்கு அவர்கள் இசைவு தந்துள்ளனர். வெளிநாட்டில் ஒரு பிள்ளையேனும் இல்லாத குடும்பம் நம் பங்குகளில் அரிது. இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் கேட்கப்படும் கேள்வி நாளை நம் வீட்டுத் தொலைபேசியிலும் கேட்கப்படும். ஆகையால் விளங்கி வைத்திருப்பது நன்று.

1. திருச்சபையின் போதனை

முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். கணவன் மனைவி அல்லாத மூன்றாம் ஆளின் விந்தையோ முட்டையையோ கொண்டு பிள்ளை பெறுவதைத் திருச்சபை ஏற்பதில்லை. 1949ஆம் ஆண்டில் பன்னிரண்டாம் பத்திநாதர் கத்தோலிக்க வைத்தியர்களுக்கு ஆற்றிய உரையில் இதைத் தெளிவாக்கினார். விசுவாசப் போதனைக்கான உரோமைப் பேராயம் 1987இலும் 2008இலும் வெளியிட்ட இரு போதனை ஏடுகள் அதையே விரித்துரைத்தன. திருச்சபையின் மறைக்கல்வி நூலும் அவ்வாறே கற்பிக்கின்றது.

காரணம் என்ன? திருமணத்தில் கணவனும் மனைவியும் ஒருவர்க்கொருவர் தம்மை முழுவதும் கையளிக்கின்றனர். ஒருவர் மற்றவரின் வழியாக மட்டுமே தாயாகவும் தந்தையாகவும் ஆவது அந்தக் கையளிப்பின் ஒரு பகுதி. இது முதற் காரணம். இரண்டாவது காரணம் பிள்ளையைப் பற்றியது. தான் அறிந்த, ஒருவரோடொருவர் திருமணத்தால் பிணைக்கப்பட்ட தாய் தந்தையரிடமிருந்து பிறக்கும் உரிமை பிள்ளைக்கு உண்டு. ‘தான் அறிந்த’ என்ற சொல்லை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் பாடம் முழுவதும் அதைச் சுற்றியே செல்லும்.

ஆகவே அந்தத் தம்பதியரிடம், “தம்பி, பிள்ளை, இந்த வழிக்கு என்னாலே ஆசீர் தர முடியாது,” என்றேன். இருவரும் பேசவில்லை. ஆனாலும் எழுந்து போகவும் இல்லை.

இத்துடன் பாடம் முடிந்தது என்று சிலர் எண்ணலாம். முடியவில்லை. இவ்வழியில் ஏற்கெனவே பிள்ளை பெற்ற குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. அப்பிள்ளைகள் நம் ஆலயங்களில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். மேலும், கொடையாளர் எந்த இனத்தவராக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு நாம் கொடுக்கும் விடை, ஒரு பிள்ளையை நாம் என்னவென்று நினைக்கிறோம் என்பதைக் காட்டிவிடுகிறது. தத்தெடுப்போருக்கும், கலப்பு மணம் செய்வோருக்கும், மருமகளின் நிறம் பார்க்கும் மாமியாருக்கும் அந்தப் பாடம் பொருந்தும்.

2. இக்கேள்வி பிறந்த கதை

எழுத்தில் பதிவான முதற் சம்பவம் 1884ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நடந்தது. பிள்ளையில்லாத ஒரு வணிகரின் மனைவியை மயக்க மருந்து கொடுத்துக் கிடத்தி, மருத்துவ மாணவன் ஒருவனுடைய விந்தை அவருடைய கருப்பையில் சேர்த்தார் வைத்தியப் பேராசிரியர் ஒருவர். மாணவர்களுள் அழகன் என்று எண்ணப்பட்டவனே தெரிந்தெடுக்கப்பட்டான். பின்னர் கணவனுக்கு உண்மை சொல்லப்பட்டது. மனைவிக்குச் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். 25 ஆண்டுகள் கழிந்து, 1909இல், அன்றைய மாணவர் ஒருவர் ஒரு மருத்துவச் சஞ்சிகையில் எழுதியபோதே உலகம் அதை அறிந்தது.

தொடக்கத்திலேயே இரண்டு காரியங்கள் சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள்: ஒன்று தெரிவு, மற்றது மறைப்பு. அதன்பின் நெடுங்காலம் வைத்தியர்கள் கணவனின் நிறத்துக்கும் கண்ணுக்கும் மயிருக்கும் ஏற்ற கொடையாளரைத் தேடினார்கள். அயலாருக்கும் பிள்ளைக்கும் உண்மை தெரியாமல் இருக்க வேண்டும் என்பதே நோக்கம். இனம் பார்க்கும் வழக்கம் பிள்ளையின் நன்மைக்காகத் தொடங்கவில்லை. மறைப்பதற்கு உதவியாகவே தொடங்கியது.

1953இல் உறைய வைத்த விந்தினால் கருக்கட்டலாம் என்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நிரூபித்தனர். அதன்பின் விந்து வங்கிகள் எழுந்தன. வங்கி வந்ததும் பட்டியல் வந்தது. பட்டியல் வந்ததும் சந்தை வந்தது. அமெரிக்க வங்கி ஒன்று வெள்ளையருக்கு வெள்ளை, கறுப்பருக்குக் கறுப்பு, ஆசியருக்கு மஞ்சள், ஏனையோருக்குச் சிவப்பு என்று குப்பிகளின் மூடிகளுக்கு நிறம் வகுத்தது. 2011இல் டென்மார்க்கின் பெரிய வங்கி ஒன்று, செம்மயிர்க்காரரின் விந்துக்குக் கேள்வி குறைவு என்று அவர்களை ஏற்பதை நிறுத்தியது. அதற்கு முன்னரே, 1980இல், கலிபோர்னியாவில் றொபேட் கிரஹாம் என்ற செல்வந்தர் நொபெல் பரிசு பெற்றோரின் விந்தைச் சேர்த்து அறிவாளிகளைப் பிறப்பிக்கப் போவதாகச் சொல்லி ஒரு நிலையம் திறந்தார். 1999இல் அது மூடப்படுவதற்குள் 200க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அதன்வழி பிறந்தனர். நொபெல் பரிசாளர் எவருடைய பிள்ளையும் அவர்களுள் இல்லை.

கடையிலே துணி தெரிவதுபோலப் பிள்ளையைத் தெரியத் தொடங்கினால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு இவை சாட்சி. பிள்ளை நமக்கு உரித்தான பொருள் அல்ல, கொடை என்று திருச்சபை சொல்வதன் கருத்து இப்போது விளங்கும்.

3. ‘இனம்’ என்ற ஒரு சொல்லில் மூன்று காரியங்கள்

அந்தத் தம்பதியர் இருவரும் ‘இனம்’ என்ற ஒரே சொல்லைச் சொன்னார்கள். ஆனால் கணவன் எண்ணியது ஒன்று. மனைவி எண்ணியது வேறொன்று. வைத்தியரோ மூன்றாவது ஒன்றை எண்ணுகிறார். தோற்றம், உடல்நலம், பண்பாடு என்று இவற்றைப் பிரித்துப் பார்ப்போம்.

(அ) தோற்றம்

பிள்ளை பெற்றோரின் சாயலில் இருக்க வேண்டும் என்ற ஆசை இயல்பானது. அதைப் பாவம் என்று நான் சொல்லமாட்டேன். “அப்பாவை உரிச்சுப் படைச்சிருக்கு” என்று கேட்க விரும்பாத தகப்பன் உண்டோ?

ஆனால் இனத்தின் பெயர் சாயலுக்கு உத்தரவாதம் அல்ல. நம் வீடுகளில் ஒரு வயிற்றுப் பிள்ளைகளுக்குள்ளேயே ஒன்று கறுப்பு, ஒன்று பொதுநிறம், ஒன்று சிவலை. பரம்பரையலகுகள் ஒவ்வொரு பிள்ளையிலும் புதிதாகக் கலக்கின்றன. மேலும் பட்டியலில் எழுதப்படும் இனப்பெயர் மிகப் பரும்படியானது. பிரித்தானியப் படிவங்களில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர், சீனர் என்ற பெயர்களுக்குப் பின்னர் ‘ஏனைய ஆசியர்’ என்று ஒரு கட்டம் உண்டு. இலங்கைத் தமிழர் பலர் அதிலேதான் அடையாளம் இடுகின்றனர். அந்தக் கட்டத்துக்குள் பல நாட்டவர் அடங்குவர்.

எதிர்பாராத நிறத்தில் பிள்ளை பிறந்தால் என்ன நடக்கும்? நீதிமன்றங்கள் வரை சென்ற வழக்குகள் உண்டு. வட அயர்லாந்தில் வெள்ளை இனத் தம்பதியருக்கு, வைத்தியசாலையின் தவறினால், கலப்பினத் தென்னாபிரிக்கக் கொடையாளரின் விந்து கொடுக்கப்பட்டது. பிறந்த இரு பிள்ளைகளும் பெற்றோரைவிடக் கறுப்பாயிருந்தனர். மற்றப் பிள்ளைகள் அவர்களைப் பரிகசித்தார்கள். அப்பிள்ளைகளின் பெயரால் நட்டஈடு கேட்கப்பட்டது. 2010இல் உயர் நீதிமன்றமும் 2011இல் மேன்முறையீட்டு மன்றமும் வழக்கைத் தள்ளின. ஒரு நிறத்தோடு பிறப்பது ஒருவருக்கு இழைக்கப்பட்ட ஊறு அல்ல என்பதே தீர்ப்பின் சாரம்.

சிங்கப்பூரில் நடந்தது நமக்கு இன்னும் கிட்டியது. சீன இனப் பெண் ஒருவர், கணவர் ஜேர்மனியர். கணவருடைய விந்தைக் கொண்டே உடலுக்கு வெளியே கருக்கட்டச் சென்றார்கள். நிலையத்தின் கவனக்குறைவால் முன்பின் அறியாத இந்தியர் ஒருவருடைய விந்து சேர்ந்துவிட்டது. 2010இல் மகள் பிறந்தாள். நிறமும் மயிரும் ஐயத்தைத் தந்தன. இரத்தப் பரிசோதனை உண்மையைக் காட்டியது. 2017இல் அந்நாட்டு மேன்முறையீட்டு நீதிமன்றம், பிள்ளையை வளர்க்கும் முழுச் செலவையும் நட்டமாகக் கணக்கிட மறுத்தது. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே இருக்க வேண்டிய பரம்பரைத் தொடர்பு பறிபோனது மட்டும் ஓர் இழப்பே என்று ஏற்று, வளர்ப்புச் செலவில் நூற்றுக்கு 30 பங்கைக் கொடுக்கச் சொன்னது.

சாயலை விரும்பும் மனத்தை அந்த நீதிபதிகள் இகழவில்லை. அதே வேளை பிள்ளையை ஒரு நட்டம் என்று சொல்லவும் இல்லை. இந்த நிதானம் நமக்கும் வேண்டும். சாயல் இல்லாமை பெற்றோருக்கு வலிக்கலாம். அந்த வலியின் பழியைப் பிள்ளையின் தோள்மேல் வைக்கலாகாது.

(ஆ) உடல்நலம்

கொடையாளரின் இனத்தை வைத்தியர்கள் குறிப்பதற்கு நியாயமான காரணமும் உண்டு. சில பரம்பரை நோய்கள் சில மக்கள் கூட்டங்களில் கூடுதலாகக் காணப்படும். மத்தியதரைக் கடல் நாட்டவர்க்கும் தென்னாசியருக்கும் தலசீமியா. ஆபிரிக்க வழிவந்தோருக்குச் செங்குருதிக் கலங்கள் அரிவாள் வடிவாகும் சோகை நோய். ஐரோப்பியருக்கு நுரையீரலைத் தாக்கும் சளி நோய் ஒன்று. தலசீமியா நம் நாட்டுக்கும் புதிதல்ல. குருணாகல், அனுராதபுரப் பகுதிகளில் எத்தனையோ பிள்ளைகள் மாதாமாதம் இரத்தம் ஏற்றி வாழ்கின்றனர்.

இவை பெரும்பாலும் ஒளிந்து வருபவை. தாய் ஒரு நோய்க் காவி, தந்தையும் அதே நோயின் காவி என்றால், இருவரும் சுகதேகிகளாயிருந்தும் ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளைக்கு நோய் வரும். ஆகவே ‘நம்மவர்’ என்பது பாதுகாப்பு என்று நினைப்பது பிழை. இருவரும் ஒரே மக்கள் கூட்டத்தவராயின் ஒரே நோயின் காவிகளாயிருக்கும் வாய்ப்பு கூடவும் கூடும். பார்க்க வேண்டியது படிவத்தில் உள்ள இனப்பெயரை அல்ல, இரத்தப் பரிசோதனையின் முடிவை. திருமணம் பேசும் நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். சாதகம் பார்க்கிறவர்கள் இரத்தத்தையும் பார்க்கட்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பிரித்தானியாவில் ஒரு கொடையாளரின் விந்தை 10 குடும்பங்களுக்குமேல் பயன்படுத்தக் கூடாது. பெருஞ்சனத்தொகையில் 10 குடும்பம் கடலிற் கரைத்த பெருங்காயம். ஆனால் புலம்பெயர்ந்த தமிழ்ச் சமூகம் சிறியது. ஒரே தமிழ்ப் பாடசாலை, ஒரே ஆலயம், ஒரே மண்டபம். தமிழ்க் கொடையாளர் மிகச் சிலரே என்றால், அவருடைய பிள்ளைகள் ஒருவரையொருவர் அறியாமல் சந்தித்து விரும்பவும் கூடும். மச்சான் மச்சாள் விவாகத்துக்கு ஆயரிடம் விலக்குப் பெறுவது நமக்குத் தெரியும். ஆனால் ஒரு தந்தைக்குப் பிறந்தவர்கள், தாய் வேறாயினும், சகோதரர். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி அந்த உறவுக்கு விலக்கு ஒருபோதும் கிடையாது. தமிழனைத் தேடுவதும் உண்மையை மறைப்பதும் ஒன்று சேர்ந்தால் இந்த ஆபத்து கூடும்.

(இ) பண்பாடு

இப்போது அந்த மனைவியின் கேள்விக்கு வருவோம். “பிள்ளை எங்கடை பிள்ளையாய் வளருமோ?”

நம் தேசவழமையில் முதுசொம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்து மூன்று வகை. முதுசொம் முன்னோரிடமிருந்து வருவது. தேடிய தேட்டம் கணவனும் மனைவியும் வாழ்ந்து உழைத்துச் சேர்ப்பது. உடலின் சாயலும் இரத்தத்தின் குணமும் முதுசொம் போன்றவை. அவை கருவிலேயே வந்து சேரும். பண்பாடோ தேடிய தேட்டம். விந்திலே தமிழ் இல்லை. செபமாலையும் இல்லை. பெரியவர் வந்தால் எழும்பி நிற்கும் பணிவும் இல்லை. இவற்றைப் பிள்ளை தாய் தந்தையின் வாயிலிருந்தும் வீட்டின் நடையிலிருந்தும் பெறுகிறது.

ஐயமாயின் நம் கண்முன்னே பாருங்கள். தாயும் தமிழ், தந்தையும் தமிழ். பேரனுடன் தொலைபேசியில் கதைக்க வழியின்றித் தவிக்கும் அம்மம்மா எத்தனை பேர்! இரத்தம் தமிழாயிருந்தும் மொழி போயிற்று. வீட்டில் பேசாததைக் குருதி பேசாது.

வேதாகமமும் இதையே காட்டுகின்றது. மத்தேயு எழுதிய நற்செய்தியின் தொடக்கத்தில் ஆண்டவரின் தலைமுறை அட்டவணை உண்டு. அது சூசையப்பர் வழியாகச் செல்கின்றது. இயேசு சூசையப்பரின் வித்தில் பிறந்தவர் அல்லர் என்பதை அதே அதிகாரம் சொல்கின்றது. ஆயினும் தாவீதின் வழிமரபு என்ற உரிமை பிள்ளைக்கு அவர் வழியாகவே வருகின்றது. அவர் பெயரிட்டார், தொழில் பழக்கினார், யெருசலேம் திருவிழாவுக்கு அழைத்துச் சென்றார். ஆண்டவரின் பிறப்பு தூய ஆவியின் செயல். அதை மனிதருடைய எந்த ஏற்பாட்டுடனும் ஒப்பிடலாகாது. ஆனால் ஒரு தந்தை மரபைக் கையளிப்பது எப்படி என்பதைச் சூசையப்பரிடம் நாம் கற்கலாம். அதே அட்டவணையில் மோவாபு நாட்டு ரூத்தும், எரிக்கோவின் இராகாபும் இருக்கின்றனர். வேற்றினப் பெண்கள் இருவரின் குருதியை நற்செய்தியாளர் மறைக்கவில்லை. பெயர் சொல்லி எழுதினார்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. பிள்ளையின் உடல் வேறொரு இனத்தின் சாயலைக் கொண்டிருந்தால், அந்த இனத்தின் மரபுக்கும் வீட்டில் இடம் வேண்டும். அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் வெள்ளை இனப் பெண் ஒருவர் 380ஆம் இலக்கக் கொடையாளரைக் கேட்டார். கையால் எழுதிய இலக்கம் பிழையாக வாசிக்கப்பட்டு 330ஆம் இலக்கத்தவரின் விந்து அனுப்பப்பட்டது. அவர் கறுப்பினத்தவர். 2012இல் மகள் பிறந்தாள். தாய் 2014இல் வழக்கிட்டார். 2015இல் அது தள்ளுபடியாயிற்று. வழக்குப் பத்திரத்தில் ஒரு சிறு விஷயம் இருந்தது. மகளின் சுருள் மயிரை வெட்டக் கறுப்பின மக்கள் வாழும் தூரத்துப் பகுதிக்கு அவர் செல்ல வேண்டியிருந்தது. அங்கே தான் அந்நியமாக உணர்ந்ததாக அவர் சொன்னார். அந்தத் தாயை நான் குறைகூற வரவில்லை. ஆனால் அந்தப் பயணம்தான் பெற்றோரின் கடமை. பிள்ளை நம் உலகத்துக்குள் வருவதுபோல, நாமும் பிள்ளையின் உலகத்துக்குள் போக வேண்டும்.

இதற்கு எதிர்ப்புறமாகப் போனவர்களும் உளர். கனடாவின் கல்கரி நகரிலுள்ள நிலையம் ஒன்று, பெண்கள் தம் இனத்தைச் சேர்ந்த கொடையாளரை மட்டுமே தெரியலாம் என்று விதித்திருந்தது 2014இல் வெளிவந்து கண்டனத்துக்கு உள்ளாயிற்று. கலப்பு மணத்தில் பிறந்து நன்றாய் வாழும் பிள்ளைகளை அந்த விதி வகுத்தவர்கள் கண்டதில்லைப் போலும்.

4. சாதியைப் பற்றி ஒரு சொல்

தம்பதியர் கேட்காத ஒன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. “தமிழன்” என்று தேடுகிறபோது நம்மவர் சிலர் மனத்தில் இன்னொரு கேள்வியும் ஓடுகிறது: “தமிழன் சரி, ஆனால் எந்த ஆட்கள்?” சொல்ல வெட்கம், ஆயினும் உண்மை. ஒரே கிண்ணத்தில் நன்மை வாங்கும் நாம், கல்யாணப் பேச்சில் கேட்கும் அதே கேள்வியை இங்கேயும் கொண்டுபோகிறோம். நுணுக்குக்காட்டியில் எந்த வைத்தியனும் சாதியைக் கண்டதில்லை. இனத்தைப் பற்றிய கரிசனை பண்பாட்டின்மேல் உள்ள அன்பா, அல்லது பழைய பெருமைக்குப் போட்ட புதுச் சட்டையா என்று ஒவ்வொருவரும் தம் மனச்சாட்சியைக் கேட்கட்டும்.

5. மறைப்பதா, சொல்வதா?

கணவனின் கேள்வியில் உண்மையாக இருந்தது இதுவே. அவருக்குத் தமிழன் வேண்டியிருந்தது தமிழுக்காக அல்ல, ஊர் அறியாதிருப்பதற்காக. இனம் அங்கே ஒரு திரைச்சீலை.

இந்தத் திரை நெடுநாள் நிற்காது. சுவீடன் நாடு 1985இலேயே, கொடையாளர் யாரென்று அறியும் உரிமையைப் பிள்ளைக்குக் கொடுத்தது. பிரித்தானியாவில் 2005 ஏப்ரல் 1 முதல் கொடுத்தோரின் பெயர், விலாசத்தைப் பிள்ளை 18 வயதில் கேட்டு அறியலாம். 16 வயதில் அவருடைய இனம், தோற்றம், பிறந்த நாடு போன்றவற்றை அறியலாம். தான் விரும்பும் ஒருவர் தனக்கு இரத்த உறவா என்றும் கேட்கலாம். இவை போக, எச்சிலை ஒரு சிறு குப்பியில் அனுப்பிப் பரம்பரையை அறியும் பரிசோதனை இன்று எவருக்கும் எட்டும். நாற்பது, ஐம்பது வயதில் தந்தை வேறு என்று அறிந்து இடிந்து போனவர்கள் பல நாடுகளில் உளர். அவர்களில் அநேகர் சொல்வது ஒன்றுதான்: பிறந்த விதத்தைவிட, மறைத்த விதமே கூடுதலாக நோகச் செய்தது.

நம் முன்னோர் இதை விளங்கியிருந்தனர். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் எழுத்தில் வந்த தேசவழமையில், பிள்ளையைச் சுவீகாரம் செய்யும்போது மஞ்சள் நீர் அருந்தும் சடங்கு சொல்லப்பட்டிருக்கிறது. உறவினர் அறிய, அவர்கள் இசைவோடு, பிள்ளை வீட்டுக்குள் வந்தது. பெறாத பிள்ளை என்று எல்லோருக்கும் தெரியும், ஆயினும் பிள்ளைதான். அந்த மஞ்சள் நீரின் கருத்து இன்றைக்கும் செல்லும். உண்மை தெரிந்த வீட்டில்தான் பிள்ளை அஞ்சாமல் வளரும்.

ஏற்கெனவே இவ்வழியில் பிள்ளை பெற்ற பெற்றோருக்கு என் ஆலோசனை இது: சிறு வயதிலேயே, பிள்ளைக்கு விளங்கும் சொல்லில், அன்போடு சொல்லத் தொடங்குங்கள். முற்றத்தில் அயலாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். கொடையாளரின் இனம் எதுவாயினும் அதை இழிவாகப் பேசாதீர்கள். அது உங்கள் பிள்ளையின் பாதி.

6. பங்கு மக்களின் கடமை

ஆதியாகமத்தில் ஆபிரகாமும் சாராளும் பிள்ளைக்காகக் காத்திருந்து களைத்துப்போயினர். எகிப்து நாட்டு ஆகார் என்ற பணிப்பெண்ணின் வழியாகப் பிள்ளை பெற ஏற்பாடு செய்தனர். மூன்றாம் ஆள் ஒருவரை நடுவில் சேர்த்த அந்த ஏற்பாடு மூவருக்கும் கண்ணீரையே தந்தது. ஆனால் வனாந்தரத்தில் தண்ணீரின்றிக் கிடந்த அந்தப் பிள்ளையின் குரலை ஆண்டவர் கேட்டார். பிள்ளையின் பெயர் இஸ்மாயேல். ‘இறைவன் கேட்கிறார்’ என்பது அதன் பொருள். ஏற்பாடு சரியா பிழையா என்பது பெரியவர்களின் கணக்கு. பிள்ளையின் குரல் இறைவனின் கணக்கு.

ஆகவே, ஆலயத்தில் பெற்றோரின் சாயல் இல்லாத பிள்ளையைக் கண்டால் “இது ஆற்றை சாயல்?” என்று கேட்கும் நம் வாயை அடக்குவோம். விடை நமக்குத் தெரியும். எல்லாப் பிள்ளைகளும் ஒரே சாயலில் படைக்கப்பட்டவர்கள். அந்தச் சாயல் இறைவனுடையது. பிள்ளையில்லாத பெண்ணை ‘மலடி’ என்று சொல்லும் வழக்கத்தையும் இன்றோடு விடுவோம். இத்தம்பதியரை அந்தப் பட்டியலின் முன் கொண்டுபோய் நிறுத்தியதில் நம் வாய்க்கும் பங்குண்டு.

அந்தத் தம்பதியரிடமிருந்து இவ்வாண்டு கடிதம் வந்தது. கொடையாளர் பட்டியலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். பிள்ளை ஒன்றைத் தத்தெடுப்பது பற்றி விசாரிக்கிறார்கள், இன்னும் முடிவில்லை. “எந்த இனப் பிள்ளை எண்டாலும் சம்மதமோ எண்டு அலுவலகத்தில் கேட்டினம். ஓம் எண்டு சொன்னது இவர்தான்,” என்று மனைவி எழுதியிருந்தார். கடிதத்தின் அடியில் கணவன் தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: “அம்மாவுக்கு எல்லாம் சொல்லிவிட்டேன் சுவாமி. குறை என்னிலை எண்டு.”

பிள்ளை இன்னும் வரவில்லை. ஆனால் அந்த வீட்டில் ஒரு தகப்பன் உருவாகிவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. அவர்களுக்காகச் செபியுங்கள்.

குடும்பமாகச் சிந்திக்க

1. பிள்ளையில்லாத உறவினரிடம் நாம் கேட்கும் கேள்விகள் அவர்களைத் தேற்றுகின்றனவா, நோகச் செய்கின்றனவா?

2. நம் பிள்ளைகளுக்கு நாம் கையளிக்கும் ‘தேடிய தேட்டம்’ எது? இந்த வாரம் வீட்டில் அதற்கு எவ்வளவு நேரம் கொடுத்தோம்?

3. மருமகள், மருமகன் தெரிவில் நிறமும் சாதியும் பார்க்கிற நாம் எந்த முகத்தோடு ‘பிள்ளை இறைவனின் கொடை’ என்று சொல்கிறோம்?

4. நம் குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய உண்மை ஏதாவது சொல்லப்படாமல் இருக்கிறதா? அதைச் சொல்லும் பொறுப்பு யாருடையது?